எச்சில் படாத வீடு

எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அண்ணாந்து தூக்கித்தான் குடிப்போம். தெரியாத விருந்தாளி யாராவது டம்ளரை உதட்டில் வைத்துவிட்டால் அம்மா முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, மொட்டை மாடி வெயிலில் கவிழ்த்து வைப்பாள். சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒரே மாம்பழத்தை மாறி மாறிக் கடித்ததற்காக வாங்கிய அடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பழம் போனதில்கூட வருத்தமில்லை, முதுகுதான் பாவம்.

இவ்வளவு கண்டிப்பான வீட்டுக்குள்தான், என் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பொன்னுக்கு வீங்கி நுழைந்தது.

கொரோனா ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஆரணியில் அப்போது நோயைப் பற்றித் தெரியாதவர் என்று ஒருவரும் இல்லை. டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்திருப்பதாக அர்த்தம். எங்கள் அம்மா அதில் தனி ரகம். வாசலில் சோப்புத் தண்ணீர் வாளி, கொடியில் துவைத்துக் காயப்போட்ட மாஸ்க்குகள், இதெல்லாம் ஊரே விட்டுவிட்ட பிறகும் எங்கள் வீட்டில் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தன.

அண்ணனின் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ஒரு பக்கக் கன்னம் உப்பி, கழுத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் எல்லையே இல்லாமல் வந்து நின்றாள். வகுப்பில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

பொன்னுக்கு வீங்கினால் கழுத்தில் பொன் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். கன்னம் தங்கம் கேட்டு வீங்கியிருக்கிறதாம், கொடுத்துவிட்டால் வடிந்துவிடுமாம். இதில் இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பூசை காணும் கத்தோலிக்கக் குடும்பம்தான். இருந்தாலும் அம்மா எடுத்துக்கொண்டு வந்தது என் கல்யாணத்துக்காக, தாலி கோத்துப் போடுவதற்காக வாங்கி வைத்திருந்த புதுச் சங்கிலியை. வேறு மெல்லிசான சங்கிலி இருக்கிறதே என்று நான் கேட்டேன். கனமான பொன்னுக்குத்தான் வீக்கம் சீக்கிரம் பயப்படும் என்றாள். எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

டாக்டரிடமும் போனார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவிட்டு, இது வைரஸ், தானாகவே சரியாகும், எச்சில் வழியாகவும் இருமல் தும்மல் வழியாகவும் பரவும், வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் குழந்தையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எச்சில் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் தான் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு படித்தவர் ஒப்புக்கொண்டுவிட்டாரல்லவா.

குழந்தையின் கன்னம் வடிந்தது. வைரஸ் தானாகப் போனதா சங்கிலிக்குப் பயந்து போனதா என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கருத்து இல்லை. அடுத்த வீட்டுப் பையனுக்கு வீங்கியதும் அவன் அம்மா வந்து நின்றாள். உங்கள் வீட்டுச் சங்கிலி நல்ல ராசியான சங்கிலியாமே, ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்றாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கிருந்து எதிர்வீடு, எதிர்வீட்டிலிருந்து கோடி வீடு என்று என் கல்யாணச் சங்கிலி ஊர்வலம் போக ஆரம்பித்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்து திரும்பி வரும்போதும் அம்மா அதைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பூட்டி வைப்பாள். மறுநாள் யாராவது வந்து கேட்பார்கள். நான் கட்டிக்கொள்ளப்போகிறவளைத் தவிர எல்லார் கழுத்திலும் அது தொங்கிவிட்டது.

இதற்கு நடுவில் என்னைப் பற்றிய கவலை தொடங்கியது. கவலை என்றால் வாய் விட்டுச் சொல்லும் கவலை அல்ல. பொன்னுக்கு வீங்கி பெரிய ஆம்பிளைகளுக்கு வந்தால் 'கீழே இறங்கிவிடும்' என்று ஒரு பேச்சு உண்டு. இறங்கிவிட்டால் அப்புறம் அந்த ஆளுக்குக் குழந்தை பிறக்காது என்பது அதன் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை யாரும் சொல்ல மாட்டார்கள். என்னைப் பார்ப்பார்கள், என் இடுப்புப் பக்கம் ஒரு கணம் பார்ப்பார்கள், கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணத் தேதியும் ஒரு பக்கம் நெருக்கியது. அதற்கு அடுத்த வாரமே திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஈஸ்டர் முடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும் என்பது முறை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசை நடுவில் ஃபாதர் வாசிப்பார். முதல் ஓலை வாசித்த அன்றைக்கு எனக்குப் பின்னால் இரண்டு வரிசையில் வீங்கிய கன்னமாக உட்கார்ந்திருந்தன. தடை இங்கேதான் இருக்கிறது என்று நானே எழுந்து சொல்லிவிடலாம் போலிருந்தது.

குழந்தைக்கு வீங்கிய நாளிலேயே அம்மா என்னைக் காப்பாற்ற இறங்கியிருந்தாள். மாடியில் தனிப் பாய், தனித் தலையணை, தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. குழந்தை இருக்கும் அறைப் பக்கம் போனால் குரல் வரும்.

"டேய், அந்தாண்ட போவாத. கொயந்தைக்கு வந்தா ஒரு வாரம். உனக்கு வந்தா வாய்நாளு பூரா பேஜாரு."

நான் கட்டுப்பட்டேன். ஏனென்றால் எனக்கும் பயம் இருந்தது. அதை வெளியே காட்டாமல் எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். போளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் வருங்கால மனைவியை நிச்சயத்துக்குப் பிறகு இரண்டே முறைதான் நேரில் பார்த்திருந்தேன். ஆனால் தினமும் போனில் பேசிப் பேசி, அவள் இல்லாமல் ஒரு நாள் எப்படி முடியும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. கல்யாணம் தள்ளிப் போய்விடுமோ, தள்ளிப் போனால் நின்றே போய்விடுமோ என்பதுதான் என் பயம் முழுக்க.

இத்தனை பாதுகாப்பிலும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. தறி. பட்டு நெசவுதான் எங்கள் பிழைப்பு. அப்போது தறியில் ஏறியிருந்தது அவளுடைய கல்யாணப் புடவை. சந்தன நிறத்தில் உடல், அரக்கில் பார்டர். உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு வேறு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டிக் கோத்து நெய்வதைக் கோர்வை என்போம். நாடா என்றால் குறுக்கு நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு தறியில் இங்கும் அங்கும் ஓடும் மரக்கட்டை. அதற்கு ஓர் ஆள் போதாது. தறியில் நான் உட்கார்ந்தால் இடது ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணன் சென்னைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் அண்ணி. அண்ணிக்குக் கன்னம் வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை. நடுவில் ஓரிரு நாள் தொண்டை கரகரவென்று இருக்கிறது என்றாள். குழந்தையை மருந்து குடிக்க வைக்கக் கத்தின கத்தில் யாருக்குத்தான் தொண்டை கட்டாது.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது காதுக்குக் கீழே வலித்தது. கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னம் என்னுடையது மாதிரி இல்லை.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலில் அழுதாள், பிறகு சங்கிலியைத் தேடினாள். அது அன்றைக்குக் கோடி வீட்டில் இருந்தது. ஓடிப் போய் வாங்கிக்கொண்டு வந்து என் கழுத்தில் மாட்டினாள். என் மனைவிக்காக வாங்கிய சங்கிலியைப் போட்டுக்கொண்டு, தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, நானே மணப்பெண் மாதிரி பாயில் உட்கார்ந்திருந்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அண்ணி உள்ளே போய்விட்டாள். சிரிக்கத்தான் போனாள் என்பது சத்தத்தில் தெரிந்தது.

டாக்டர் எனக்கும் அதையேதான் சொன்னார். ஐந்து நாள் யாரோடும் சேரக் கூடாது. நிறையத் தண்ணீர், ஓய்வு, வலிக்கு மாத்திரை. விதையில் வலியோ வீக்கமோ வந்தால் உடனே வர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து நாள் முடிந்த பிறகு கல்யாணத்துக்குச் சில நாள் மீதி இருந்தது. ஆனால் அம்மாவின் மனசு அந்தக் கணக்கில் இல்லை. எப்படி வந்தது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. எதில் ஓட்டை என்று வீடு முழுக்கத் தேடினாள். சங்கிலிமேல் சந்தேகப்பட்டாள். ஆனால் எனக்கு வீங்குவதற்கு முன்னால் அதை நான் தொட்டதே இல்லை. கடைசியில், நான் திருட்டுத்தனமாகக் குழந்தையைக் கொஞ்சியிருப்பேன் என்று முடிவு கட்டினாள். பொய்ச் சாட்சிக்குக்கூட ஆள் இல்லாமல் குற்றவாளி ஆனேன்.

போளூருக்குப் போன் செய்து, கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே வீடியோவில் வரச் சொன்னாள். மாட்டேன் என்றேன். முகத்தைக் காட்டாவிட்டால் நேரிலேயே வந்து பார்ப்பேன் என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவளும் அவள் தாய்மாமனும் இறங்கினார்கள்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. படுத்துப் படுத்து முதுகு வலித்ததால் கீழே தறி அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முந்தானை பாக்கி இருந்தது. அண்ணியும் எதிர் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா தடுக்கவில்லை. அவளுக்கும் புடவை முடிய வேண்டும். அறைக்கு வெளியே, கூடத்தில், மாமா பேசுவது கதவு வழியாக எங்களுக்குக் கேட்டது. சாதாரண விசாரிப்பெல்லாம் முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஈஸ்டர் முடிஞ்சி வச்சிக்கலாம்னு பாக்கறேன். அதுக்குள்ள எல்லாம் ஒரு தெளிவாயிடும் பாருங்க."

அம்மா டம்ளர்களை எடுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. நான் நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அண்ணி என்னைப் பார்க்காமல் தறியில் நீட்டியிருந்த பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தெளிவாவணும் மாமா?" என்று நான் கட்டிக்கொள்ளப்போகிறவளின் குரல் கேட்டது.

மாமா இருமினார். பெரியவர்கள் பேசும்போது நீ ஏன் என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார்.

"கீழ எறங்கிடுமான்னு தானே கேக்கறீங்க? வாயத் தொறந்து கேளுங்க. சில பேருக்கு எறங்கும், வலிக்கும், மருந்து சாப்ட்டா சரியாயிடும். கொயந்தையே பொறக்காதுங்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அப்படியே ஆனாலும் எனக்கு இவருதான். தடை இருந்தா சொல்லுங்கன்னு ரெண்டு ஞாயிறு கேட்டாங்களே, நாம யாரும் எழுந்திரிக்கலியே. இப்ப இதக் கொண்டாந்து தடைன்னு வெக்காதீங்க."

எனக்கு அந்த நிமிஷம் கண் நிறைந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீங்கிய கன்னத்தில் கண்ணீர் இறங்குவதே ஒரு தினுசாக இருக்கும், கழுத்துக்கு வர வெகு நேரம் பிடிக்கும். அண்ணி தன் முந்தானையை எடுத்து நீட்டினாள், பிறகு என் எச்சில், என் மூக்கு எல்லாம் ஞாபகம் வந்து சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று பதறியது கேட்டது. தனக்குச் சின்ன வயதிலேயே இது வந்து போய்விட்டது, ஒரு முறை வந்தால் மறுபடி வருவது அபூர்வம், இருந்தாலும் மாஸ்க் போட்டிருக்கிறேன், பயப்படாதீர்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். நான் துண்டால் முகத்தை மூடப் பார்த்தேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பரவாயில்லை, நிச்சயத்தன்றைக்கு ரொம்ப ஒல்லியாக இருந்தீர்கள் என்றாள். அவ்வளவுதான் அவள் ஆறுதல்.

பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, நீங்கள் வேலையைப் பாருங்கள், என் புடவையை நான் பார்க்கிறேன் என்றாள். நான் நாடாவை விட்டேன், அண்ணி வாங்கினாள், திருப்பி அனுப்பினாள். அண்ணி கையில் இருக்கும்போது நாடாவுக்குள் இருந்த நூல் தீர்ந்தது. யார் கையில் தீர்கிறதோ அவர்தான் புது நூல் சுற்றிய தாரைப் போட வேண்டும். அண்ணி பழைய தாரை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினாள். நாடாவின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண் இருக்கும், நூல் அந்தக் கண் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அண்ணி அந்தக் கண்ணில் உதட்டை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். நூல் நுனி வாய்க்கு வந்தது. அதைப் பிடித்து இழுத்துவிட்டு நாடாவை என் பக்கம் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் என் கையில் நூல் தீர்ந்தது. நானும் அதே கண்ணில் வாய் வைத்து உறிஞ்சினேன்.

சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அந்த நாடாவ யார் யார் வாய்ல வெக்கறீங்க?"

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேள்வியே எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் எங்கே வாய் வைத்தோம்? தார் போட்டோம், நூல் எடுத்தோம். அது தொழில். விவரம் தெரிந்த நாளிலிருந்து செய்வது. கை போகிற மாதிரி வாயும் அந்த வேலைக்குப் போகும். ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு ருசி உண்டு என்றுகூட நான் பெருமை அடித்திருக்கிறேன். டம்ளரைத் தூக்கிக் குடிக்கும் வீட்டில், மாம்பழத்துக்கு முதுகில் வாங்கிய வீட்டில், ஒரே நாடாக் கண்ணில் நாளெல்லாம் இரண்டு பேர் மாறி மாறி வாய் வைத்துக்கொண்டிருந்தோம். அது எச்சில் என்று ஒருவருக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை.

அண்ணிக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டாள். கன்னம் வீங்கவில்லை, தொண்டைதான் கரகரத்தது என்றாள் அண்ணி. போளூர்க்காரி தலையை ஆட்டிக்கொண்டாள். சில பேருக்கு வீங்காமலே வந்து போகுமாம். வீக்கம் இல்லாவிட்டாலும் எச்சிலில் கிருமி இருக்குமாம். குழந்தையிடமிருந்து அண்ணிக்கு, அண்ணியிடமிருந்து நாடாவுக்கு, நாடாவிலிருந்து எனக்கு. கிருமி வந்த வழி இதுவாகத்தான் இருக்கும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான்தான் உங்களுக்குக் கொடுத்தேனா என்று அவள் முகம் விழுந்தது. கொழுந்தனுக்குக் கல்யாணத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா, மோதிரத்துக்குப் பதில் இதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

வெளியே இருந்த அம்மாவுக்கு விஷயம் சொல்லப்பட்டது. அம்மா கதவிடுக்கில் வந்து நின்று நாடாவையே பார்த்தாள். அவளும் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தத் தறியில் உட்கார்ந்தவள்தான்.

"இத்தினி வருசமா நாடா எச்சியா?" என்றாள் கடைசியில்.

அன்று சாயங்காலம் வீட்டிலுள்ள அத்தனை நாடாவையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். மரம் சொரசொரவென்று ஆகி, அவற்றை உப்புத்தாள் போட்டு இழைத்துப் பழையபடி கொண்டுவர அண்ணிக்கு ஒரு நாள் பிடித்தது.

வாயை எடுத்தாகிவிட்டது, இனி நூலை எப்படி எடுப்பது என்பதற்கு வழி அம்மாவின் பெட்டியிலேயே இருந்தது. கோயில் பீடத்துக்கு லேஸ் துணி பின்ன அவள் வைத்திருந்த மெல்லிய குரோஷா ஊசி. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே போளூர்க்காரி அதை வாங்கி நாடாக் கண்ணுக்குள் விட்டு, இரண்டு மூன்று முறை தவறி, நான்காவது முறை கொக்கியில் நூல் சிக்கி வெளியே வந்தபோது கையை உயர்த்திக் காட்டினாள். என்னவோ தறியையே தான்தான் கண்டுபிடித்த மாதிரி ஒரு முகம். கூடத்தில் இருந்த மாமா கதவிடுக்கு வழியாக எட்டி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தேதி அப்படியே இருக்கட்டும் என்றார். அவரை அப்போது கட்டிப் பிடித்திருப்பேன். ஐந்து நாள் முடியவில்லை என்பதால் தப்பித்தார்.

அவர்கள் போன பிறகு டாக்டரிடம் போனில் கேட்டோம். அண்ணிக்கு வந்து போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், நீங்கள் இருவரும் ஒரே அறையில் இருப்பதில் புதிதாகக் கெட்டுப்போக ஒன்றுமில்லை, மற்றவர்களை உள்ளே விடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். நோயாளி அறை தறி அறை ஆனது இப்படித்தான். சாப்பாடு வாசலில் வந்து நிற்கும், நாங்கள் எடுத்துக்கொள்வோம். தலையில் துண்டு, கழுத்தில் தாலிச் சங்கிலி, கையில் குரோஷா ஊசியோடு நான் என் மனைவியின் முந்தானையை நெய்தேன். முதலில் அந்த ஊசி என்னைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு முறை ஆத்திரத்தில் தூக்கி எறிந்திருக்கிறேன். அண்ணி ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுத்து, எங்கே, வாயை வையுங்கள், போளூருக்குப் போன் போடுகிறேன் என்பாள். பிறகு ஊசியும் கைக்குப் பழகிவிட்டது. அந்த நாட்களில் நான் பாடிக்கொண்டே நெய்தேன். கன்னம் வீங்கியவன் பாடுவது எப்படி இருக்கும் என்பதை அண்ணி இன்றும் நடித்துக் காட்டுவாள்.

கீழே எதுவும் இறங்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் எழுந்ததும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

தெருவில் இதற்குள் விஷயம் பரவியிருந்தது. குரோஷா ஊசி இருக்கிறதா என்று நாலைந்து வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். சங்கிலி கேட்டு வந்தவர்களும் நிற்கவில்லை. அம்மா இரண்டையும் கொடுத்தாள். ஊசி பரவாமல் தடுக்க, சங்கிலி மனசுக்கு என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னாள். ஆனால் சங்கிலி வேண்டுமென்றால் பிள்ளையை ஐந்து நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டாள். அம்மாவின் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்படாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

புடவை தறியிலிருந்து இறங்கியபோது பெண்ணின் அம்மா தயங்கினாளாம். பொன்னுக்கு வீங்கி வந்தவன் நெய்த புடவையை வெயிலில் நாலு நாள் போட வேண்டாமா என்று கேட்டிருக்கிறாள். பட்டை வெயிலில் போடுவதா என்று அண்ணிக்கு உயிரே போய்விட்டது. துணியில் அந்தக் கிருமி அவ்வளவு நாளெல்லாம் தாங்காது, காற்றாட நிழலில் விட்டால் போதும் என்று மணப்பெண்ணே தீர்ப்புச் சொல்லிப் புடவையைக் காப்பாற்றினாள்.

கல்யாணத்தன்று காலையில் என் முகம் ஏறக்குறைய பழையபடி இருந்தது. இடது கன்னத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பரவும் நாளெல்லாம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் யாரும் தயங்காமல் வந்து கையைப் பிடித்தார்கள். கோயிலில் அவள் அந்தச் சந்தன நிறப் புடவையில் நடந்து வந்தபோது முன்வரிசையில் திடீரென்று ஒரே சலசலப்பு. எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனையும் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டிருந்தன. ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த தாலியை நான் அவள் கழுத்தில் போட்டதும், அடுத்த வீட்டுப் பையன், "அது நான் போட்டுகினு இருந்த சங்கிலி" என்றான். நான்தான் முதலில் போட்டேன் என்று அண்ணன் மகள் சண்டைக்குப் போனாள். எதிர்வீட்டுப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். ஃபாதர் பாதி ஜெபத்தில் சிரித்துவிட்டார். பூசை முடிந்ததும் என் மனைவி நேரே முன்வரிசைக்குப் போய்க் குனிந்து நின்றாள். ஒவ்வொரு பிள்ளையும் அவள் கழுத்தில் இருந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டது.

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாடாவோடும் ஒரு குரோஷா ஊசி தொங்குகிறது. தெருவில் பாதிப் பேர் ஊசியிலும் மீதிப் பேர் வாயிலுமாக ஓட்டுகிறார்கள். அவசரத்தில் எனக்கும் சில சமயம் நாடா உதட்டுப் பக்கம் போகும். உடனே சமையலறையிலிருந்து என் மனைவியின் செருமல் வரும். சுவருக்குப் பின்னாலிருந்து அவளுக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கல்யாண போட்டோவைச் சட்டம் போடும்போது, கன்னத்தைக் கம்ப்யூட்டரில் சமமாக்கித் தருகிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். கை வைக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். அது கூடத்தில் மாட்டியிருக்கிறது. போன வாரம் எங்கள் பெரியவள், மூன்று வயது, சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து போட்டோ முன்னால் நின்றாள். அப்பா ஏன் வாயில் லட்டு வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டாள்.

"லட்டு இல்லடி," என்றாள் என் மனைவி. "அம்மாக்குப் பொடவை நெய்ஞ்ச கன்னம் அது."